விண்டோஸ் சர்வரில் இணையதளம்: பூட்டிவிட்டுத் திறப்பது எப்படி

ஒரு புதிய விண்டோஸ் சர்வரைப் பொது ஐபி முகவரியோடு இணையத்தில் விட்டுப் பாருங்கள். டொமைன் வாங்கியிருக்க மாட்டீர்கள், யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆனாலும் கொஞ்ச நேரத்திலேயே விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரின் செக்யூரிட்டி பகுதியில் 4625 என்ற எண் வரிசையாக விழ ஆரம்பிக்கும். யாரோ உள்ளே நுழைய முயன்று தோற்றதன் பதிவு அது. உங்கள் மேல் அவர்களுக்குத் தனியாக எந்தக் கோபமும் கிடையாது. உலகத்தில் உள்ள ஐபி முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் முறை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அதனால்தான் இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன். பலரும் தளத்தை ஏற்றி, அது ஓடுவதைப் பார்த்து மகிழ்ந்து, பாதுகாப்பை "அப்புறம் பார்க்கலாம்" என்று விடுகிறார்கள். நாம் முதலில் எல்லாவற்றையும் பூட்டுவோம். பிறகு தேவையான கதவை மட்டும் ஒவ்வொன்றாகத் திறப்போம்.

எந்தப் பதிப்பு?

புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் விண்டோஸ் சர்வர் 2025 அல்லது 2022. 2012 ஆர்2 பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. 2016 பதிப்புக்கு 2027 ஜனவரி வரைதான். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய பதிப்பில் குடியேறினால் சீக்கிரமே வீடு மாற்ற வேண்டியிருக்கும். பழகிப் பார்க்க மட்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் தரும் 180 நாள் சோதனைப் பதிப்பு போதும்.

நிறுவும்போது சர்வர் கோரா, டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸா என்று கேட்கும். கோர் என்பது திரையில் மெனுவே இல்லாத, கட்டளைகளால் மட்டும் இயக்கும் வடிவம். உள்ளே இருக்கும் பொருள் குறைவு என்பதால் தாக்குவதற்கான இடமும் குறைவு. ஆனால் பவர்ஷெல் கட்டளைகள் கைவராதவர் கோரில் உட்கார்ந்தால், புரியாத பிழையைச் சரிசெய்யும் அவசரத்தில் எதையாவது அகலத் திறந்துவிடுவார். முதல் சர்வர் என்றால் டெஸ்க்டாப் வடிவமே சரி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிறகு மாற முடியாது, மறுபடி நிறுவத்தான் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

டிஸ்க்கை இரண்டாகப் பிரியுங்கள். சி டிரைவில் இயங்குதளம். டி டிரைவில் தளங்களும் லாக் கோப்புகளும். லாக் பெருகி டி நிரம்பினாலும் சர்வர் மூச்சுவிடும்.

முதல் ஒரு மணி நேரம்

கிளவுடில் வாங்கிய சர்வர் என்றால், அதை இயக்குவதற்கு முன்பே நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் ஒரு ஃபயர்வால் இருக்கும். ரிமோட் டெஸ்க்டாப், அதாவது தொலைவிலிருந்து சர்வரின் திரையை இயக்கும் வசதி, பயன்படுத்தும் எண்ணிட்ட கதவு 3389 போர்ட். அதில் அந்தப் போர்ட்டை உங்கள் ஐபி முகவரிக்கு மட்டும் திறங்கள். இணையதளத்துக்கான 80, 443 இரண்டையும் இப்போது திறக்க வேண்டாம். ஐபிவி6 முகவரியும் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஐபிவி4 கதவைச் சாத்திவிட்டு ஐபிவி6 கதவை மறந்தவர்கள் நிறையப் பேர்.

உள்ளே போனதும் விண்டோஸ் அப்டேட். ஒருமுறை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி ஓட்டுங்கள். "புதிதாக ஒன்றும் இல்லை" என்று வரும்வரை. பேட்சுகள் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும்; சர்வரின் நேர மண்டலத்தைப் பொறுத்து உங்களுக்கு அது புதன்கிழமையாகவும் இருக்கலாம். 2015 ஏப்ரலில் வந்த ஒரு பேட்ச், விண்டோஸின் வெப் சர்வர் நிரலான ஐஐஎஸ்ஸுக்கு அடியில் ஓடும் எச்டிடிபி டிரைவரில் இருந்த ஓட்டையை அடைத்தது. அதைப் போடாத சர்வர்களை ஒரே ஒரு கோரிக்கை அனுப்பிக் கவிழ்க்க முடிந்தது. கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அங்கே பயனில்லை.

ரிமோட் டெஸ்க்டாப்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

விண்டோஸ் சர்வர்கள் பறிபோகும் பெரிய வழிகள் இரண்டு. ஒன்று ரிமோட் டெஸ்க்டாப். இன்னொன்று தளத்தின் அப்லோட் ஃபோல்டர். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் புதிய நிர்வாகிக் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். அதன் பெயர் அட்மின், டெஸ்ட், தளத்தின் பெயர் என்று எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருக்கக் கூடாது. கடவுச்சொல் 16 எழுத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அந்தக் கணக்கில் ஒருமுறை உள்ளே வந்து சோதித்த பிறகு, பிறவியிலேயே வரும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை முடக்குங்கள். அதன் பெயரை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதி அடைபவர்கள் உண்டு. பெயர் மாறினாலும் அந்தக் கணக்கின் உள் அடையாள எண் 500 என்றுதான் முடியும்; உள்ளே கால் வைத்த ஒருவனுக்கு அது போதும்.

அடுத்து லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் அக்கவுன்ட் லாக்அவுட் பகுதி. 10 முறை தவறினால் 10 நிமிடம் பூட்டு என்பது நல்ல அளவு. புதிய பதிப்புகளில் இதுவே இயல்பாக இருக்கும், ஆனாலும் கண்ணால் பார்த்துவிடுங்கள். இதில் ஒரு சங்கடமும் உண்டு. யாரோ தவறான கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டே இருந்தால், பூட்டு விழுவது உங்கள் கணக்கின் மேல்தான். எனவே இது இரண்டாவது வேலிதான். யாருக்கு அந்தக் கதவே தெரிய வேண்டும் என்று கட்டுப்படுத்துவதுதான் முதல் வேலி.

அதற்கு மிகச் சிறந்த வழி விபிஎன், அதாவது உங்கள் கணினிக்கும் சர்வருக்கும் இடையே பூட்டிய தனிப் பாதை. வயர்கார்டு போன்ற ஒன்றை வைத்து, 3389 போர்ட்டை விபிஎன் உள்முகவரிகளுக்கு மட்டும் திறந்தால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ரிமோட் டெஸ்க்டாப் இருப்பதே தெரியாது. விபிஎன் முடியாது, நிலையான ஐபி இருக்கிறது என்றால், விண்டோஸ் ஃபயர்வாலில் ரிமோட் டெஸ்க்டாப் விதியைத் திறந்து, ஸ்கோப் என்ற பக்கத்தில் ரிமோட் முகவரியாக உங்களுடையதை மட்டும் கொடுங்கள். நெட்வொர்க் லெவல் ஆத்தென்டிகேஷன் இயக்கத்தில் இருக்கட்டும். அடையாளத்தைச் சரிபார்த்த பிறகுதான் உள்நுழைவுத் திரையே வரும்.

3389 என்ற எண்ணை வேறொன்றாக மாற்றலாமா? மாற்றலாம், லாக் கொஞ்சம் அமைதியாகும். ஆனால் எல்லாப் போர்ட்டையும் தேடுபவனுக்கு அது ஒரு தடையே ஆகாது. இந்த மாற்றத்தை மட்டும் செய்துவிட்டு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள்.

ஃபயர்வாலில் கை வைக்கும்போது நானே என்னை வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டது உண்டு. ஸ்கோப்பில் ஐபி முகவரியின் ஓர் எண்ணைத் தவறாக அடித்து ஓகே கொடுத்தேன், திரை உறைந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: எந்த மாற்றத்துக்கும் முன்னால் டாஸ்க் ஷெட்யூலரில், 15 நிமிடம் கழித்து ஃபயர்வாலைப் பழைய நிலைக்குத் திருப்பும் ஒரு பணியைப் போட்டு வைப்பேன். பழைய விதிகளை ஒரு கோப்பில் எக்ஸ்போர்ட் செய்து, பணி அதை மீண்டும் இம்போர்ட் செய்தால் போதும். மாற்றம் சரியாக இருந்தால், புதிதாக ஓர் இணைப்பில் உள்ளே வந்து பார்த்துவிட்டு அந்தப் பணியை அழித்துவிடுவேன். கிளவுட் நிறுவனம் தரும் கன்சோல் வழி வேலை செய்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

மற்ற கதவுகள்

வெளியுலகுக்குத் திறந்திருக்க வேண்டியவை 80, 443 இரண்டே. 135, 139, 445, 1433, 5985 இவற்றில் எதுவும் வெளியே தெரியக் கூடாது. 445 கோப்புப் பகிர்வுக்கானது. அதன் பழைய எஸ்எம்பி1 நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது. அதற்கான பேட்ச் மார்ச் மாதமே வந்திருந்தது என்பதுதான் வேதனை. 2019 முதலான பதிப்புகளைப் புதிதாக நிறுவினால் எஸ்எம்பி1 இருக்காது. பழைய சர்வரை மேம்படுத்தி வந்தவர்கள் பார்த்து நீக்கிவிடுங்கள்.

பிரின்ட் ஸ்பூலர் சேவையை நிறுத்தி, டிசேபிள் செய்யுங்கள். இணையதள சர்வரில் யாரும் அச்சடிக்கப் போவதில்லை. 2021ஆம் ஆண்டு பிரின்ட்நைட்மேர் ஓட்டை இந்தச் சேவையில்தான் இருந்தது.

விண்டோஸ் ஃபயர்வாலில் அனுமதிக்கும் விதியும் தடுக்கும் விதியும் மோதினால் தடுப்பதே ஜெயிக்கும். "எல்லாரையும் தடு, என்னை மட்டும் விடு" என்று இரண்டு விதி எழுதினால் நீங்களும் வெளியேதான் நிற்பீர்கள். உள்வரும் போக்குவரத்து இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது, எனவே அனுமதி விதிகள் மட்டும் போதும். தடுக்கப்பட்ட பாக்கெட்டுகளின் பதிவு தொடக்கத்தில் அணைந்திருக்கும். ஃபயர்வால் ப்ராப்பர்ட்டீஸில் போய் இயக்கிவிடுங்கள்.

ஐஐஎஸ்: குறைவாகத் தேர்ந்தெடுங்கள்

சர்வர் மேனேஜரில் ஆட் ரோல்ஸ், அதில் வெப் சர்வர். அடுத்து வரும் பட்டியலில் எல்லாவற்றையும் டிக் செய்யத் தோன்றும், வேண்டாம். ஸ்டாட்டிக் கன்டென்ட், டிஃபால்ட் டாக்குமென்ட், எச்டிடிபி எரர்ஸ், லாகிங், ரிக்வெஸ்ட் ஃபில்டரிங், கம்ப்ரஷன், ஐபி கட்டுப்பாடு ஆகியவை அடிப்படை. ஏஎஸ்பி டாட்நெட் 4.8 உங்கள் தளத்துக்குத் தேவை என்றால் மட்டும். வெப்டாவ், டைரக்டரி பிரவுசிங், எஃப்டிபி வேண்டாம்.

டாட்நெட்டின் புதிய பதிப்புகளில் எழுதிய தளம் என்றால் ஹோஸ்டிங் பண்டில் தனியாக நிறுவ வேண்டும். ஐஐஎஸ்ஸுக்குப் பிறகுதான் அதை நிறுவ வேண்டும்; வரிசை தவறியிருந்தால் அதே நிறுவியை மறுபடி ஓட்டி ரிப்பேர் கொடுங்கள். பிஎச்பி என்றால் சிஜிஐ அம்சத்தைச் சேர்த்து, நான்-த்ரெட்-சேஃப் வகையை ஃபாஸ்ட்சிஜிஐ வழியாக ஓட்டுங்கள்.

தானாக வரும் டிஃபால்ட் வெப் சைட்டை நீக்கிவிடுங்கள். எந்த முகவரிக்கு எந்தத் தளம் என்று சொல்லும் அமைப்பு பைண்டிங்; உங்கள் தளங்களின் பைண்டிங்கில் டொமைன் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். அப்போது வெறும் ஐபி முகவரியைத் தட்டி வருபவருக்கு 400 என்ற பிழை மட்டுமே கிடைக்கும். முன்பு சொன்ன தட்டிப் பார்க்கும் நிரல்களில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும்.

ஒரு தளத்துக்கு ஓர் ஆப் பூல், ஓர் உரிமை

ஒரே சர்வரில் நான்கு தளம் ஓடுகிறது, ஒன்றில் பழைய ப்ளகின் வழியாக ஒருவன் நுழைந்துவிட்டான் என்று வையுங்கள். மற்ற மூன்றும் தப்புமா என்பது நீங்கள் இந்தப் பகுதியை எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஆப் பூல் என்பது ஐஐஎஸ்ஸில் ஒரு தளம் ஓடும் அறை; அதற்கென ஒரு கணக்கும் உண்டு. ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஆப் பூல் உருவாக்குங்கள். ஐடென்டிட்டி என்ற இடத்தில் ஆப்ளிகேஷன் பூல் ஐடென்டிட்டி என்றே இருக்கட்டும்; "பெர்மிஷன் பிரச்சினை வருகிறது" என்று லோக்கல் சிஸ்டத்துக்கு மாற்றாதீர்கள். அது முழுச் சாவிக்கொத்தையும் தளத்தின் கையில் கொடுப்பது.

தனிப் பூல் போட்டாலே தளங்கள் பிரிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பிரியாது. எல்லா ஆப் பூல் கணக்குகளும் யூசர்ஸ் குழுவின் உறுப்பினர்கள். டி டிரைவில் யூசர்ஸ் குழுவுக்கு இயல்பாகவே படிக்கும் உரிமை இருக்கிறது, அது கீழே உள்ள ஃபோல்டர்களுக்கும் இறங்கி வரும். ஆக முதல் தளத்தில் நுழைந்தவன் இரண்டாம் தளத்தின் அமைப்புக் கோப்பான வெப்.கான்ஃபிக்கைத் திறந்து, அங்கிருக்கும் டேட்டாபேஸ் கடவுச்சொல்லைப் படித்துவிடலாம்.

எனவே தளத்தின் ஃபோல்டரில் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போய், மேலிருந்து உரிமை இறங்கி வரும் இன்ஹெரிட்டன்ஸை நிறுத்துங்கள். யூசர்ஸ் குழுவை நீக்குங்கள். சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், அந்தத் தளத்தின் பூல் கணக்கு ஆகிய மூன்று மட்டும் இருக்கட்டும். பூல் கணக்கைச் சேர்க்கும்போது தேடினால் பட்டியலில் வராது. இடத்தை இந்தக் கணினி என்று வைத்து, ஐஐஎஸ் ஆப்பூல் என்று ஆங்கிலத்தில் அடித்து, பின்சாய்வுக் கோடு போட்டு, பூலின் பெயரை எழுதினால் ஏற்கும். அதற்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும்.

இப்போது தளத்தைத் திறந்தால் படங்களும் ஸ்டைல் கோப்புகளும் 401.3 என்று மறுக்கலாம். பதற வேண்டாம். உள்நுழையாமல் வரும் பார்வையாளர்களுக்கு ஐஐஎஸ், ஐயூஎஸ்ஆர் என்ற வேறொரு கணக்கைப் பயன்படுத்துகிறது, அதற்கு நாம் உரிமை தரவில்லை. ஆத்தென்டிகேஷன் பகுதியில் அனானிமஸ் என்பதை எடிட் செய்து, ஆப்ளிகேஷன் பூல் ஐடென்டிட்டியைத் தேர்ந்தெடுங்கள். சரியாகிவிடும். இந்த இடத்தில் எரிச்சலடைந்து எவ்ரிஒன் குழுவுக்கு முழு உரிமை கொடுத்த சர்வர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண்.

அப்லோட் ஃபோல்டர்

இரண்டாவது பெரிய வழி இதுதான். படம் ஏற்றும் இடத்தில் ஒருவன் ஏஎஸ்பிஎக்ஸ் அல்லது பிஎச்பி கோப்பை ஏற்றி, அதை பிரவுசரில் திறந்தால், அது சர்வரில் ஓடும். வெப் ஷெல் என்பது அவ்வளவுதான்.

வழக்கமான தீர்வு: அந்த ஃபோல்டரைத் தேர்ந்து, ஹேண்ட்லர் மேப்பிங்ஸ் பகுதியில் ஃபீச்சர் பெர்மிஷனில் ஸ்கிரிப்ட், எக்ஸிக்யூட் இரண்டையும் எடுத்துவிட்டு ரீட் மட்டும் வைப்பது. செய்யுங்கள், ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. இந்த அமைப்பு அதே ஃபோல்டரில் உள்ள வெப்.கான்ஃபிக் கோப்பில்தான் எழுதப்படும். கோப்பு ஏற்ற வேண்டும் என்பதால் அந்த ஃபோல்டரில் மட்டும் எழுதும் உரிமை தளத்துக்கு இருக்கிறது. ஆகவே தன்னுடைய வெப்.கான்ஃபிக்கை ஏற்றுபவன் உங்கள் தடையை அழித்துவிடலாம். அமைப்பை ஐஐஎஸ்ஸின் மையக் கோப்பான ஆப்ளிகேஷன்ஹோஸ்ட்.கான்ஃபிக்கில், லொகேஷன் குறிச்சொல்லோடு எழுதி, கீழே மாற்ற முடியாதபடி பூட்டுவது மேல்.

அதைவிட மேலான வழி, ஏற்றிய கோப்புகளைத் தளத்தின் ஃபோல்டருக்கு வெளியே வைத்து, தளத்தின் நிரலே படித்துக் கொடுக்கும்படி செய்வது. நேரடி முகவரியே இல்லாத கோப்பை யாராலும் ஓட்ட முடியாது. நிரலை நீங்களே எழுதுகிறீர்கள் என்றால் இதைத்தான் செய்ய வேண்டும்.

கோப்பின் அளவு பற்றி ஒரு வார்த்தை. ஐஐஎஸ் இயல்பாக 3 கோடி பைட், அதாவது சுமார் 28.6 எம்பி வரைதான் ஏற்கும். பெரிய கோப்பு 404.13 என்று திரும்பி வந்தால் ரிக்வெஸ்ட் ஃபில்டரிங்கில் அந்த வரம்பை உயர்த்துங்கள். தேவையான அளவுக்கு மட்டும்.

எச்டிடிபிஎஸ்

இப்போது 80, 443 போர்ட்டுகளைத் திறந்து, டிஎன்எஸ்ஸில் டொமைனை சர்வரின் முகவரிக்குத் திருப்புங்கள். வின்-ஆக்மி என்ற இலவச நிரலை இறக்கி ஓட்டினால், இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டிலிருந்து சான்றிதழ் வாங்கி, ஐஐஎஸ்ஸில் பைண்டிங் போட்டு, புதுப்பிக்கும் பணியையும் டாஸ்க் ஷெட்யூலரில் சேர்த்துவிடும். வழக்கமான சான்றிதழ் 90 நாள் செல்லும். 80ஐ மூடிவிட்டால் புதுப்பித்தல் தோற்கும், அது தெரிய வருவதே தளம் சிவப்புத் திரை காட்டும் நாளில்தான்.

2019 முதலான பதிப்புகளில் தளத்தின் எச்எஸ்டிஎஸ் அமைப்பிலேயே எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பும் வசதி இருக்கிறது. இனி எச்டிடிபிஎஸ் வழியாக மட்டும் வா என்று பிரவுசரிடம் சொல்வது எச்எஸ்டிஎஸ். பிரவுசர் அதை நினைவில் வைக்கும் காலத்தை முதலில் 300 விநாடி என்று வையுங்கள். எல்லாம் சரியாக ஓடுவதைப் பார்த்த பிறகு ஓர் ஆண்டு, அதாவது 31536000. முதல் நாளே ஓர் ஆண்டு வைத்து, சான்றிதழில் கோளாறு வந்தால், பார்வையாளர்களின் பிரவுசரை உங்களால் சமாதானப்படுத்த முடியாது.

எச்டிடிபிஎஸ்ஸைப் பூட்டும் நெறிமுறையின் பழைய பதிப்புகளான டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் அணைத்துவிடுங்கள். ரெஜிஸ்ட்ரியில் எஸ்சேனல் பகுதியில் செய்யலாம். ஐஐஎஸ் கிரிப்டோ என்ற சிறு கருவி அதை டிக் அடிக்கும் வேலையாக்கிவிடும். டிஎல்எஸ் 1.3 விண்டோஸ் சர்வர் 2022 முதல் இருக்கிறது.

சர்வர் தன் பதிலோடு அனுப்பும் எக்ஸ்-பவர்டு-பை, சர்வர் ஆகிய ஹெடர்களை நீக்கச் சொல்லிப் பல பட்டியல்கள் வற்புறுத்தும். இரண்டு நிமிட வேலை, செய்துவிடுங்கள், ஆனால் அதைப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். வெளியாருக்கு விரிவான பிழைச் செய்தி காட்டாமல் இருப்பது அதைவிட முக்கியம். வெப்.கான்ஃபிக்கில் டீபக் என்ற பிழை தேடும் அமைப்பு ஃபால்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள்.

டேட்டாபேஸும் கோப்பு ஏற்றுவதும்

எஸ்க்யூஎல் சர்வர் அதே கணினியில் என்றால் டிசிபி இணைப்பே தேவையில்லை, அணைத்துவிடலாம். முழு அதிகாரமுள்ள எஸ்ஏ கணக்கில் தளம் நுழையக் கூடாது. ஆப் பூல் கணக்கையே டேட்டாபேஸ் பயனராகச் சேர்த்து, படிக்க, எழுத மட்டும் உரிமை கொடுத்தால், வெப்.கான்ஃபிக்கில் கடவுச்சொல் எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. திருட ஒன்றும் இருக்காது.

கோப்புகளை ஏற்ற வெறும் எஃப்டிபி வேண்டாம். கடவுச்சொல் அப்பட்டமாகப் பயணிக்கும். விண்டோஸிலேயே உள்ள ஓப்பன்எஸ்எஸ்எச் வழியாக எஸ்எஃப்டிபி, அதுவும் விபிஎன்னுக்குள்.

லாக், பேக்கப்

ஐஐஎஸ் தன் லாக் கோப்புகளைத் தானாக அழிக்காது. ஒருமுறை நள்ளிரவில் தளம் விழுந்து, ஏதோ தாக்குதல் என்று நினைத்து இரண்டு மணி நேரம் தேடினேன். சி டிரைவில் ஒரு பைட் இடம் இல்லை. மூன்று வருட லாக். அவற்றை டி டிரைவுக்கு மாற்றி, 90 நாளுக்கு முந்தையதை அழிக்கும் பணி ஒன்றைப் போடுங்கள். அதில் உள்ள நேரம் உலகப் பொது நேரமான யூடிசி என்பதை மறந்தால் தேடும்போது குழப்பம் வரும்.

செக்யூரிட்டி லாக்கின் இயல்பான அளவு 20 எம்பி. கடவுச்சொல் தட்டும் நிரல் ஒன்று மும்முரமாக இருந்தால் பழைய பதிவுகள் சீக்கிரமே அழிந்துபோகும். 1 ஜிபி ஆக்குங்கள். 4625 வந்துகொண்டுதான் இருக்கும். நீங்கள் பதற வேண்டியது 4720 புதிய பயனர், 4732 குழுவில் சேர்ப்பு, 7045 புதிய சேவை (இது மட்டும் சிஸ்டம் லாக்கில் வரும்), 1102 லாக் அழிப்பு ஆகிய எண்களை, நீங்கள் எதுவும் செய்யாத நேரத்தில் பார்த்தால்.

பேக்கப்பை அதே சர்வரில் வைப்பது பேக்கப் ஆகாது. பணம் கேட்கும் ரான்சம்வேர் முதலில் செய்வது, அதே சர்வரில் விண்டோஸ் வைக்கும் பழைய நகல்களான ஷேடோ காப்பிகளை அழிப்பதுதான். வேறொரு கணினி, வேறு கடவுச்சொல்லோடு வந்து எடுத்துச் செல்லும்படி அமையுங்கள். சர்வருக்கு அந்தக் கிடங்கின் சாவி தெரியக் கூடாது. தளம், டேட்டாபேஸ், ஐஐஎஸ் அமைப்புக் கோப்புகள், சான்றிதழ்கள் நான்கும் அதில் இருக்க வேண்டும். ஐஐஎஸ் அமைப்பைக் கெடுத்துக்கொண்டால், இனெட்பப் ஃபோல்டருக்குள் ஹிஸ்டரி என்ற இடத்தில் கடைசி 10 மாற்றங்களின் நகல் தானாக இருக்கும். அவசரத்தில் கைகொடுக்கும்.

பிறகு ஒரு நாள் மாலை, ஒரு காலிச் சர்வரில் அந்தப் பேக்கப்பிலிருந்து தளத்தை எழுப்பிப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது, எது விடுபட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் முறை சான்றிதழின் தனிச்சாவி விடுபட்டிருந்தது.

கடைசியாக, சர்வருக்குச் சம்பந்தமே இல்லாத வேறோர் இணைப்பிலிருந்து, விபிஎன்னை அணைத்துவிட்டு, திறந்த போர்ட்டுகளைத் தேடும் நிரலான என்மேப் கொண்டு 65535 போர்ட்டுகளையும் சோதியுங்கள். ஐபிவி6 இருந்தால் அதையும் தனியாக. 80, 443 மட்டும் திறந்திருப்பதாகவும், விபிஎன்னுக்கு வைத்த போர்ட் தவிர வேறெதுவும் பதில் சொல்லவில்லை என்றும் வந்தால், தளத்தின் முகவரியை மற்றவர்களுக்குக் கொடுக்கலாம்.